உலகக் கோப்பையை உதறிவிட்டுப் போன ரஷீத் மெக்லூஃபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து பேச்சு வந்தாலே நான் இந்தக் கதையை இழுத்துவிடுவேன் என்று நண்பர்கள் கிண்டல் செய்வதுண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பிரெஞ்சு, அரபுப் பெயர்களைத் தமிழில் எழுதுவது தனிப் போராட்டம், அதில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த மெக்லூஃபி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1936 ஆகஸ்ட் 12 அன்று அல்ஜீரியாவின் செதிஃப் நகரத்தில் பிறந்தவர். 1954இல் பிரான்ஸின் சாந்த் எத்தியென் கிளப்பில் சேர்ந்தார், 1957இல் அந்தக் கிளப் முதன்முறையாக பிரெஞ்சு லீக்கை வென்றபோது அதன் முக்கியமான ஃபார்வர்ட் அவர்தான். பிரான்ஸ் தேசிய அணிக்கு நான்கு மேட்ச் ஆடியிருந்தார், 1958 சுவீடன் உலகக் கோப்பைக்கான உத்தேசப் பட்டியலிலும் பெயர் இருந்தது. போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 21 வயதில், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தில் சேரக் கிளம்பிவிட்டார். சேர்ந்து செய்த வேலை? கால்பந்து ஆடியதுதான்.

அல்ஜீரியாக்காரர் எப்படி பிரான்ஸ் அணியில் ஆட முடிந்தது?

ஏனென்றால் சட்டப்படி அல்ஜீரியா ஒரு காலனியே இல்லை, பிரான்ஸின் பகுதி! 1830இல் படையெடுத்துப் பிடித்தார்கள், 1848இல் மூன்று மாவட்டங்களாகப் பிரித்து பிரான்ஸோடு ஒட்டிக்கொண்டார்கள். 1950களில் அங்கே சுமார் பத்து லட்சம் ஐரோப்பியர்களும் எண்பது தொண்ணூறு லட்சம் முஸ்லிம்களும் இருந்தார்கள், நிலமும் அதிகாரமும் யார் கையில் இருந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் பிரெஞ்சுக்காரர், நடைமுறையில் இரண்டாம்தரக் குடிமகன். ஆனால் பந்து நன்றாக ஆடினால் மட்டும் நீல ஜெர்சி கிடைக்கும். மெக்லூஃபிக்கு முன்பே அப்துல் அஸீஸ் பென் திஃபூர் என்ற அல்ஜீரியர் 1954 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்காக ஆடியிருக்கிறார்.

நல்ல சம்பளம், நல்ல பெயர், தேசிய அணி. ஏன் போனார்?

இதற்கு செதிஃபிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்றைக்கு செதிஃபில் வெற்றி ஊர்வலம் போனவர்களில் சிலர் அல்ஜீரியக் கொடியைத் தூக்கினார்கள். போலீஸ் சுட்டது, பதிலுக்கு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள், அதற்குப் பதிலடி என்று ராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் கும்பல்களும் வாரக்கணக்கில் அந்தப் பகுதி முழுவதும் ஆடித்தீர்த்தன. இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் என்றது பிரெஞ்சு அரசு, 45,000 என்கிறது அல்ஜீரியா. மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது, அதே ஊர்.

பிறகு 1954 நவம்பர் 1 அன்று தேசிய விடுதலை முன்னணி (சுருக்கமாக எஃப்எல்என்) ஆயுதப் போரைத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பையன் பிரான்ஸுக்கு வந்து இறங்கியிருந்தான். அவன் கோல் அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஊரில் கிராமங்கள் காலி செய்யப்பட்டன, தலைநகர் அல்ஜியர்ஸில் பிடிபட்டவர்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கைதட்டும் கூட்டத்துக்கும் ஊரிலிருந்து வரும் செய்திக்கும் நடுவில் ஒருவன் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று தெரியவில்லை. என்னால் முடிந்திருக்காது என்று பெருமையடித்துக்கொள்ளவும் மாட்டேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அப்படியே ஓட்டிவிடுவார்கள்.

எஃப்எல்என்னுக்கு ஒரு கால்பந்து அணி என்ற யோசனை யாருடையது?

முகமது பூமெஸ்ராக் என்பவருடையது. முன்னாள் வீரர், போர்டோ, ல மான் கிளப்களில் ஆடியவர், பிரான்ஸில் ஆடும் அல்ஜீரியர்கள் எல்லோரையும் தெரியும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ரகசியமாகப் பேசி ஆள் சேர்த்தார். அப்போது பிரான்ஸ் லீக்கில் அல்ஜீரிய வீரர்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள், பலர் ஏற்கெனவே சம்பளத்தில் ஒரு பங்கை எஃப்எல்என்னுக்குச் சந்தாவாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, மண் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருந்தது.

கால்பந்தும் போரும் அதற்கு முன்பே ஒருமுறை உரசிக்கொண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். 1957 மே 26, பாரிஸ் அருகே கொலோம்ப் மைதானத்தில் பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்ஸுக்கு ஆதரவான அல்ஜீரிய அரசியல்வாதி அலி ஷெக்கால், குடியரசுத் தலைவரோடு ஆட்டம் பார்க்க வந்தவர், மைதானத்தை விட்டு வெளியே வரும்போது முகமது பென் சதோக் என்ற இளைஞர் அவரைச் சுட்டுக் கொன்றார். அன்றைக்குக் கோப்பையை வென்றது துலூஸ் அணி. அந்த அணியில் ஆடிய சயீத் ப்ராஹிமி, அப்துல் ஹமீத் பூஷூக் இரண்டு பேரும் அல்ஜீரியர்கள், அடுத்த ஏப்ரலில் எஃப்எல்என் அணியில் சேரக் காணாமல் போனவர்கள் பட்டியலில் இரண்டு பேருமே இருக்கிறார்கள்.

எப்படித் தப்பித்தார்கள்? சினிமா மாதிரி இருக்கும் என்கிறார்களே?

சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள். திட்டம் இதுதான்: 1958 ஏப்ரல் 13, ஞாயிறு, எல்லோரும் அவரவர் கிளப்புக்கு லீக் மேட்ச் ஆட வேண்டும், சந்தேகம் வரக் கூடாது, ஆடி முடித்ததும் சிறு சிறு குழுக்களாக எல்லை தாண்ட வேண்டும். மூன்று நாள் கழித்து 16ஆம் தேதி பாரிஸில் பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நட்பு ஆட்டம் இருந்தது, உலகக் கோப்பைக்கான ஒத்திகை. அதற்குச் சற்று முன்னால் ஆட்கள் மறைந்தால்தான் செய்தி பெரிதாக வெடிக்கும்.

மெக்லூஃபியைக் கூப்பிட வந்தவர்கள் முக்தார் அர்ரிபியும் அப்துல் ஹமீத் கெர்மாலியும். இருவரும் செதிஃப்காரர்கள், வயதில் மூத்தவர்கள், ஊர் அண்ணன்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைச் சொன்னதே புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்புதான். அவர் யோசிக்க நேரம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு பெஸியே அணிக்கு எதிரான மேட்சில் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டுவிட்டார்! மறுநாள் காலை அண்ணன்கள் ஆஸ்பத்திரிக்கே போய் ஆளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். பைஜாமாவோடு வந்தார் என்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மெக்லூஃபி அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தார். 1957இல் பூனஸ் ஐரஸில் நடந்த ராணுவ அணிகளின் உலகப் போட்டியில் பிரான்ஸ் ஜெயித்தபோது அந்த அணியில் ஆடியவர். அதாவது மற்றவர்கள் ஓடினால் கிளப் ஒப்பந்தத்தை மீறியதாகும், இவர் ஓடினால் போர்க்காலத்தில் படையை விட்டு ஓடிய சிப்பாய். மாட்டினால் சிறை. பூஷூக்கையும் சேர்த்து நான்கு பேராக காரில் சுவிட்சர்லாந்து எல்லைக்குப் போனார்கள். எல்லையில் இருந்தவர்கள் மெக்லூஃபியை அடையாளம் கண்டுகொண்டார்கள், பிரபலம் ஆயிற்றே, ஆனால் செய்தி இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை, வழி விட்டுவிட்டார்கள். அங்கிருந்து இத்தாலி, பிறகு துனீசியாவின் தலைநகர் துனிஸ்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மொனாக்கோ வீரர் ஹசன் ஷப்ரி இத்தாலி எல்லையில் பிடிபட்டார். ரான்ஸ் கிளப்பின் முகமது மவூஷும் சிக்கினார், இவரும் அப்போது ராணுவச் சேவையில் இருந்தவர்தான். சிறைக்குப் போய் வந்த பிறகுதான் மவூஷால் அணியில் சேர முடிந்தது.

மெக்லூஃபியைத் தவிர பெரிய பெயர் யாராவது?

முஸ்தஃபா ஸிதூனி. என்னைக் கேட்டால் இழப்புக் கணக்கில் இவருக்குத்தான் முதலிடம். மொனாக்கோவின் சென்டர் டிஃபெண்டர். 1958 மார்ச்சில் ஸ்பெயினுக்கு எதிராக பிரான்ஸ் 2-2 என்று ட்ரா செய்த மேட்சில் ரியல் மாட்ரிட் நட்சத்திரம் டி ஸ்தெஃபானோவைக் கட்டிப்போட்டவர், அப்போது உலகத்தில் டி ஸ்தெஃபானோவைக் கட்டிப்போடுவது சும்மா இல்லை. ரியல் மாட்ரிட் இவர்மீது கண் வைத்திருந்ததாகவும் சொல்வார்கள். உலகக் கோப்பை அணியில் இடம் உறுதி. வயது 29, அடுத்த உலகக் கோப்பை வரை காத்திருக்கும் வயது இல்லை. அவரும் போய்விட்டார். அவரோடு மொனாக்கோவிலிருந்தே பென் திஃபூர், பெக்லூஃபி, கோல்கீப்பர் பூபகர் என்று ஒரு கூட்டமே கிளம்பியது.

இவர்கள் இல்லாததால் பிரான்ஸ் உலகக் கோப்பையை இழந்ததா?

டீக்கடை வாதத்துக்கு அருமையான கேள்வி. பிரான்ஸ் அந்தக் கோப்பையில் மூன்றாம் இடம். ஜுஸ்த் ஃபோன்தேன் 13 கோல் அடித்தார், ஒரே உலகக் கோப்பையில் அத்தனை கோல் இன்றுவரை வேறு யாரும் அடித்ததில்லை. ஆக முன்வரிசையில் குறை இல்லை. அரையிறுதியில் பிரேசிலிடம் 5-2 தோல்வி, 17 வயது பெலே மூன்று கோல். அந்த மேட்சில் பிரான்ஸின் சென்டர் டிஃபெண்டர் ழோன்கே பாதியில் காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு நின்றார், மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. அந்த இடத்தில் ஸிதூனி இருந்திருந்தால்? யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. சுவீடனில் இருந்த பிரெஞ்சு வீரர்கள், கோபா, ஃபோன்தேன் எல்லாம், துனிஸில் இருந்த பழைய சகாக்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தபால் அட்டை அனுப்பினார்களாம். பத்திரிகைகள் துரோகி என்று திட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

உண்மையைச் சொல்லுங்கள், விரும்பித்தான் போனார்களா, மிரட்டிக் கூட்டிப்போனார்களா?

நியாயமான சந்தேகம்தான். எஃப்எல்என் பூப்போல நடந்துகொண்ட இயக்கம் இல்லை. பிரான்ஸில் இருந்த அல்ஜீரியத் தொழிலாளர்களிடம் சந்தா கட்டாயமாக வசூலித்தது, போட்டி இயக்கத்தோடு பிரான்ஸ் மண்ணிலேயே ரத்தக்களரியாகச் சண்டை போட்டது. அப்படிப்பட்ட இயக்கத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால் அழுத்தமே இருந்திருக்காது என்று சொன்னால் அது பொய்.

ஆனால் எல்லோரும் போய்விடவும் இல்லை. பிரான்ஸிலேயே தங்கி ஆடிய அல்ஜீரியர்கள் இருக்கிறார்கள், கெனான் மாஹி என்பவர் 1961இல் பிரான்ஸ் அணிக்கே ஆடினார். மெக்லூஃபி விஷயத்தில், கேட்ட உடனே சரி என்றதைத்தான் அவர் கடைசிவரை சொல்லிவந்தார். எட்டு வயதில் செதிஃபைப் பார்த்தவருக்கு மிரட்டல் தேவைப்பட்டிருக்குமா என்ன?

துனிஸுக்குப் போய் யாரோடு ஆடினார்கள்? ஃபிஃபா தடை செய்துவிட்டதே?

ஆமாம். பிரெஞ்சு சம்மேளனம் புகார் செய்தது, ஃபிஃபா இந்த அணியை அங்கீகரிக்க மறுத்தது, இவர்களோடு ஆடும் நாடுகள்மீதும் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. ஆனாலும் 1958 மே மாதமே துனிஸில் மொராக்கோ, துனீசியா அணிகளோடு ஆடிவிட்டார்கள். அப்புறம் லிபியா, ஈராக், ஜோர்டான், பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா, சீனா, வட வியட்நாம் என்று நான்கு வருடம் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். சில நாடுகள் தந்திரம் செய்தன: தேசிய அணியை இறக்காமல் நகர அணி, தொழிற்சங்க அணி என்று பெயர் மாற்றி இறக்கிவிடும், ஃபிஃபா கேட்டால் கைவிரித்துவிடலாம்.

மொத்த மேட்ச் எத்தனை என்பதில் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது, எண்பதுக்கு மேல், 91 என்றும் சொல்வார்கள். பெரும்பாலானவை வெற்றி. 1961இல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியர்களை 6-1 என்று அடித்தது பலருக்கு மறக்கவில்லை.

ஆனால் முக்கியம் ஸ்கோர் இல்லை. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் அல்ஜீரியக் கொடி ஏறும், ‘கஸ்ஸமன்’ என்ற அல்ஜீரியத் தேசிய கீதம் ஒலிக்கும். அப்படி ஒரு நாடு உலக வரைபடத்தில் கிடையாது! அல்ஜீரியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டதே 1958 செப்டம்பரில்தான், கால்பந்து அணி அதற்கு ஐந்து மாதம் மூத்தது. அரசுக்கு முன்னால் டீம் வந்துவிட்டது.

வியட்நாமில் ஜெனரல் ஸியாப் சொன்னதாக ஒரு கதை உண்டே?

உண்டு. இவர்கள் வட வியட்நாம் போனபோது அதிபர் ஹோ சி மின்னையும் ராணுவத் தளபதி ஸியாப்பையும் சந்தித்தார்கள், மேட்சையும் சுலபமாக ஜெயித்தார்கள். அப்போது ஸியாப், நாங்கள் பிரான்ஸைத் தோற்கடித்தோம், நீங்கள் எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள், ஆகவே நீங்கள் பிரான்ஸைத் தோற்கடிப்பீர்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னாராம். வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை 1954இல் ஸியாப்பின் படையிடம் சரணடைந்ததை நினைத்துக்கொண்டு படியுங்கள். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாரோ இல்லையோ, வீரர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை.

பந்து விளையாடி சுதந்திரம் வந்துவிடுமா? மற்றவர்கள் மலையில் செத்துக்கொண்டிருந்தார்களே?

வராது. எட்டு வருடப் போர், லட்சக்கணக்கான உயிர், பேச்சுவார்த்தை, 1962 மார்ச்சில் பிரான்ஸோடு எவியான் போர்நிறுத்த ஒப்பந்தம், ஜூலை 5இல் விடுதலை. அதில் பதினொரு பேர் பந்து உதைத்ததை ராணுவ வெற்றி என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிரெஞ்சு அரசு அதைப் போர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ‘அல்ஜீரிய நிகழ்வுகள்’ என்றுதான் பெயர், சட்டத்தில் போர் என்று எழுதியதே 1999இல்தான். நிகழ்வு என்றால் ஏதோ கலகக்காரர்கள், கொள்ளைக்காரர்கள் வேலை என்று வாசகர் நினைத்துக்கொள்ளலாம், அரசியல் பக்கத்தைத் தாண்டி விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடலாம். 1958 ஏப்ரல் 15 காலையில் விளையாட்டுப் பக்கத்திலேயே அந்தப் போர் வந்து உட்கார்ந்துவிட்டது. தான் வாராவாரம் கைதட்டிய பையன், நன்றாகச் சம்பாதிப்பவன், குறை ஒன்றும் இல்லாதவன் போல் தெரிந்தவன் எதற்காகப் போனான் என்று ஒரு சாதாரண ரசிகன் கேட்க வேண்டிவந்தது. பல துண்டுப் பிரசுரங்களால் ஆகாத வேலை அது. தற்காலிக அரசின் தலைவர் ஃபெர்ஹாத் அப்பாஸ் இந்த அணி போராட்டத்தைப் பத்து வருடம் முன்னே தள்ளியது என்று பாராட்டினாராம். பத்து வருடம் என்பது கொஞ்சம் அதிகப்படி, அரசியல்வாதியின் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

வீரர்களுக்கு என்ன நஷ்டம்?

21 முதல் 26 வயது வரை. ஒரு ஃபார்வர்டுக்கு அதைவிட விலை உயர்ந்த வயது எது? துனிஸில் இயக்கம் வீடும் மாதச் சம்பளமும் கொடுத்தது, ஆனால் பிரான்ஸில் வாங்கியதோடு ஒப்பிட முடியாது. ஆட்டத்தின் தரமும் ஒரே சீராக இல்லை. சில நாடுகளில் நல்ல எதிரணி, பல இடங்களில் பத்து கோல் அடித்துவிட்டு வரும் மேட்ச், ஆட்டக்காரனுக்கு அது நல்லதில்லை. ஸிதூனி போன்ற மூத்தவர்களுக்கு மேல்மட்டக் கால்பந்து அதோடு முடிந்தே போய்விட்டது.

விடுதலைக்குப் பிறகு மறுபடி பிரான்ஸுக்கே ஆடப் போனாராமே, இது என்ன நியாயம்?

போனார். முதலில் சுவிட்சர்லாந்தின் செர்வெத் கிளப், அங்கே கோச்சாக இருந்தவர் சாந்த் எத்தியென்னில் இவரை வளர்த்த பழைய கோச் ழான் ஸ்னெல்லா. பிறகு 1962 கடைசியில் சாந்த் எத்தியென்னுக்கே திரும்பினார். போர் முடிந்து சில மாதம்தான் ஆகியிருக்கிறது, மகனைப் பறிகொடுத்த குடும்பங்கள் அந்த ஊரிலும் இருக்கும். என்ன செய்வார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. முதல் மேட்சில் மைதானம் முழுவதும் அமைதி. பந்து காலுக்கு வந்தது, ஒரு ஆளைத் தாண்டினார், கைதட்டல் ஆரம்பித்தது. அவ்வளவுதான், கணக்கு தீர்ந்தது. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் அது, அல்ஜீரியக் கூலிகளும் அங்கே வேலை செய்தார்கள், அதனால்கூட இருக்கலாம்.

அப்போது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1963இல் இரண்டாம் டிவிஷன் பட்டம், 1964இல் முதல் டிவிஷன் பட்டம், அப்புறம் 1967, 1968. அவர் சண்டை போட்டது பிரெஞ்சு அரசோடு. பிரெஞ்சுக்காரர்களோடு அவருக்குச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் ‘என்ன நியாயம்’ என்ற கேள்வியே எனக்குப் புரிவதில்லை.

டி கோல் அவரிடம் ஏதோ சொன்னாரே?

1968 மே 12, பிரெஞ்சுக் கோப்பை இறுதி. சாந்த் எத்தியென் 2, போர்டோ 1, இரண்டு கோலும் மெக்லூஃபி. பாரிஸ் தெருக்களில் மாணவர்கள் தடுப்பு எழுப்பிப் போலீஸோடு மோதி இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோப்பை வாங்கப் போன மெக்லூஃபியிடம் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெனரல் டி கோல் ‘நீங்கள்தான் பிரான்ஸ்’ என்றாராம். பத்து வருடம் முன்பு படையை விட்டு ஓடிய சிப்பாயிடம், அதே படையின் ஜெனரல்!

பயிற்சியாளராக என்ன செய்தார்?

1975இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்திய தரைக்கடல் விளையாட்டுப் போட்டியில் இவர் பயிற்சியில் அல்ஜீரியா தங்கம் வென்றது. இறுதியில் எதிரணி யார் தெரியுமா? பிரான்ஸ். கடைசி நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2. 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையிலும் பயிற்சிக் குழுவில் இருந்தார், மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2-1 என்று கவிழ்த்த அந்த அணிதான். பிறகு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்று ‘ஒத்து’ ஆடி அல்ஜீரியாவை வெளியே தள்ளியதும், அதனால் கடைசிச் சுற்று மேட்சுகளை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்ததும் தனிக் கதை.

இப்போது இருக்கிறாரா?

இல்லை. 2024 நவம்பர் 8 அன்று, 88 வயதில் காலமானார்.

அந்தக் காரில் போன மற்றவர்கள்?

கெர்மாலியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1990இல் அல்ஜீரியா முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது கோச் அவர்தான். அல்ஜியர்ஸில் இறுதிப் போட்டி, நைஜீரியாவுக்கு எதிராக ஒரே கோல், அடித்தவர் ஷெரீஃப் உஜானி. ஷெரீஃபின் அப்பா அஹ்மத் உஜானி, லான்ஸ் கிளப்பின் ஸ்ட்ரைக்கர். அவரும் பிரான்ஸிலிருந்து போய் எஃப்எல்என் அணியில் சேர்ந்தவர்தான்.